ஆண்டறிக்கை 2024-25: செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களுக்கும் நெல்லை வட்டார டிஜிட்டல் அச்சகத் தொழிலில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா பாக்கியும் வழக்கம்போல் நிற்கிறது. இந்த ஆண்டு சங்கம் உருப்படியாகச் செய்த காரியம், பாளையங்கோட்டையில் நடத்திய நிறச் சீரமைப்புப் பயிற்சிதான்; அதாவது, அச்சு இயந்திரம் எப்போதும் ஒரே நிறத்தை அடிக்கும்படி சரிசெய்யும் பயிற்சி.

கோயில் கொடைவிழா சமயத்தில் எல்லாக் கடையிலும் ஒரே தகராறு. போன ஆண்டு அடித்த அதே சுடலைமாடன் படம், ஆனால் மாலையின் சிவப்பு மாறிவிட்டது என்று விழாக் கமிட்டியார் வந்து நிற்பார்கள். உடனே நாம் கணினியில் படக் கோப்பைத் திறந்து மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு மையின் அளவைக் கூட்டுகிறோம். நோய் இயந்திரத்துக்கு, மருந்து படத்துக்கு!

பயிற்சியில் மெஜந்தாவை மட்டும் 10 சதவீதம், 20 சதவீதம் என ஏற்றிக்கொண்டே ஒரு பட்டை அடித்தோம். 80-க்கு மேல் கட்டங்களுக்குள் வித்தியாசமே தெரியவில்லை. கடைசிக் கட்டம் அடர்வதற்குப் பதிலாகச் சிவப்புப் பக்கம் சாய்ந்தது; தொட்டால் விரலில் ஒட்டியது. அதற்கு மேல் விட்ட மையெல்லாம் காசுக்குக் கேடு.

ஆகவே முதலில் ஒவ்வொரு மைக்கும் உச்ச அளவு. பிறகு, 50 சதவீதம் என்றால் பாதி அடர்த்தியாகவே விழும்படி லீனியரைசேஷன். அதன்பின் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளும் சேர்ந்த மொத்த வரம்பு. நான்கும் முழுதாக விழுந்தால் 400 சதவீதம். செய்தித்தாள் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் 240 அளவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் ஃபிளெக்ஸ் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த ஃபிளெக்ஸிலேயே அடித்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையின் எண்ணை எழுதிவந்து போடுகிறவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். இயந்திரம் எந்த நிறத்தை எப்படி அடிக்கிறது என்று பதிந்துவைக்கும் புரொஃபைல் கோப்பை எடுப்பது கடைசி வேலை. அதை எடுத்தபின் மை அளவை மாற்றினால், மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

சாம்பல் நிறத்தைப் பலர் நம்ப மறுத்தார்கள். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் சம அளவில் விட்டால் பழுப்புதான் வருகிறது. சயான் மை சுத்தமான சயான் அல்ல என்பதால் அது சற்றுக் கூடுதலாக வேண்டும். ஆஃப்செட்காரர்களின் பழைய கணக்கு சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40. சாம்பல் சரியாக நின்றால் முகங்களின் நிறமும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரம் இழுக்கும். அப்போது பட்டையை மீண்டும் அடித்துப் பாருங்கள்.

அச்சான நிறத்தை அளக்கும் சங்கத்தின் கருவியை முறை வைத்து எடுத்துச் செல்லலாம். அதைச் சரிபார்க்க உதவும் வெள்ளைத் தகட்டில் விரல் படக்கூடாது. தகடு இல்லாமல் திருப்பித் தந்தால் பெற்றுக்கொள்ள மாட்டோம்.