ஆர்டரைப் பிரிக்கலாம், வடிவமைப்பைப் பிரிக்கலாமா?

ஆசிரியருக்கு,

காட்டுப்பள்ளியில் கட்டிய ஐ.என்.எஸ். அர்னாலா என்ற நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த ஆர்டர் பிரிக்கப்பட்ட விதத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு.

கரையோர நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள் மொத்தம் 16. இத்தகைய டெண்டரில் தொழில்நுட்ப விவரங்கள் உள்ள உறையை முதலில் திறப்பார்கள். அதில் தேறிய கப்பல் கட்டும் தளங்களின் விலை உறையை மட்டும் பிறகு திறப்பார்கள். கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் கட்டும் தளம் 8 கப்பல்களைப் பெற்றது, கொச்சி தளம் 8. 2019 ஏப்ரலில் போட்ட இரு ஒப்பந்தங்களும் தலா சுமார் 6,311 கோடி ரூபாய். ஜி.ஆர்.எஸ்.இ. தன் பங்கில் 4 கப்பல்களைக் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்தில் கட்டக் கொடுத்தது.

பிரித்தது சரிதான். 2011இல் 5 ரோந்துக் கப்பல்களையும் குஜராத்தின் பிபாவாவ் தளம் ஒன்றிடமே கொடுத்தார்கள். 2017இல் இரண்டு நீரில் இறங்கின. நிறுவனம் திவாலாகி, ஒன்றுகூட கடற்படைக்கு வந்து சேரவில்லை. தளம் கொடுத்த வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொள்ளலாம், அதில் கப்பல் கிடைக்காது.

ஆனால் இந்த 16 கப்பல்களையும் இரு தளங்களும் தனித்தனியே வடிவமைத்தன. ஒரே வேலைக்கு ஜி.ஆர்.எஸ்.இ.யின் அர்னாலா வகை ஒன்று, கொச்சியின் மாஹே வகை ஒன்று. குழாய் வரைபடம், மின்கம்பி வரைபடம், உதிரிபாகப் பட்டியல், மாலுமிப் பயிற்சி எல்லாமே இரண்டிரண்டு. ஒன்றில் பழகிய எஞ்சின் அறை ஆளை மற்றதற்கு மாற்றினால் வால்வுகளின் இடத்தை முதலிலிருந்து கற்க வேண்டும். கட்டும்போதும் சிக்கல்தான்: எஞ்சின், ஜெனரேட்டர் தயாரிப்பாளர் எடையும் அளவும் தந்தால்தான் அடித்தள வரைபடம் முடியும். அந்தக் காத்திருப்பும் இரு முறை. அமெரிக்கா 2010இல் தன் கரையோரப் போர்க்கப்பலை இரு வடிவங்களில் தலா 10 வாங்கிய வழியும் இதுவே.

நீலகிரி வகைப் போர்க்கப்பல்கள் 7இல் மும்பையின் மசகான் தளம் 4, ஜி.ஆர்.எஸ்.இ. 3 கட்டின, வடிவம் ஒன்றே. அவை போட்டியின்றி நியமன முறையில் தரப்பட்டவை என்பது உண்மை. போட்டி டெண்டரிலும் இதைச் செய்யலாம். முதலிடம் பெறும் தளம் தன் வரைபடங்களை உரிமத் தொகைக்கு மற்றதற்குத் தர வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். முடியாதென்றால் எஞ்சின், வாட்டர்ஜெட் (நீரைப் பீய்ச்சிக் கப்பலை உந்தும் கருவி), ஜெனரேட்டர், மின்பலகை நான்குமாவது ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். இதை விலை உறையைத் திறக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு எதை மாற்றினாலும் தளங்கள் விலையைத் திருத்தக் கேட்கும்.

— ஒரு வாசகர், பொன்னேரி