பழைய லேப்டாப்பும் நம் பதினோராம் இதழும்

வந்தவாசி

அன்புள்ள சேகர்,

இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு மட்டும் மழை தொடங்கியதிலிருந்து முழங்கால் வலி கூடியிருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்கிறார். வேறு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். பாப்பாவுக்குக் கல்லூரி எப்படிப் போகிறது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதம் அதிலிருந்தே தொடங்கட்டும்.

இப்போது செய்திக்கு வருகிறேன். நம் சிற்றிதழின் பதினோராம் இதழ் கிடைத்துவிட்டது, சேகர். தலையங்கம், உன் சிறுகதை, மொழிபெயர்ப்புக் கவிதைகள், கூத்துப் பெரியவரின் பேட்டி, எல்லாம் முழுதாக இருக்கின்றன. அச்சகத்துக்குப் போகாமலே நின்றுபோன இதழ். ரவி போனதோடு அதுவும் போய்விட்டது என்று நாம் இருவரும் பேசாமலே விட்டுவிட்ட இதழ். நீ இப்போது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்க ஆரம்பித்திருப்பாய். உட்கார். முழுக் கதையையும் சொல்கிறேன்.

என் லேப்டாப்பை உனக்கு மறந்திருக்காது. 2013-இல் ரிச்சி தெருவில் கடை கடையாக என்னை இழுத்துக்கொண்டு போய், பேரம் பேசி, கடைசியில் பை ஒன்றையும் இலவசமாகக் கேட்டு வாங்கியவன் நீ. மூன்றாம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 8-உடன் வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வெளியானபோது இலவசமாகக் கொடுத்தார்கள், ஏற்றிக்கொண்டேன். அந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஓராண்டு நீட்டிப்பு வேண்டுமென்றால் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இன்டெல் சில்லு பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். என் இயந்திரத்துக்கு இரண்டுமே இல்லை.

இங்கே பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள் சார், எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. திரையில் ஒரு கோடு இல்லை. விசைப்பலகையில் ஒரு விசைகூடத் தேயவில்லை. கீல் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன. உடம்பு கல்லைப்போல் இருக்கும் ஒருவரைப் பிறந்த தேதியை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்புவதைப்போலத்தான் இது. வேகம் குறைந்தது உண்மை. பவர் பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அதற்குக் காரணம் வயது இல்லை. நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கும், நான்கு ஜிபி ரேமுக்குள் இன்றைய பிரவுசரைத் திணிப்பதும்தான் காரணம்.

அதனால் நானே கையில் எடுத்தேன். பின்மூடியின் திருகுகளைக் கழற்றித் திறந்தபோது, விசிறிக்கும் செம்புக் குழாய் போய் முடியும் சன்னமான தகடுகளுக்கும் நடுவில், தூசி ஒரு துணித்துண்டாகவே படிந்து கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் அப்படியே முழுசாக உரிந்து வந்தது. சூடு வெளியே போக வழியே இல்லாமல் அந்தச் சில்லு இத்தனை காலம் வேலை செய்திருக்கிறது. சில்லின் மேல் தடவியிருந்த பசையும் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். இன்னொரு நான்கு ஜிபி ரேமைச் செருகினேன். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் சுழலும் தட்டே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வைத்தேன். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்எஸ்டிக்குச் செய். ரேமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விநாடிக்கு நூறு எம்பி அளவில் படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஐந்நூறு எம்பிக்கு வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஓடும் நேரம் இல்லாமல் போகிறது.

எடுத்த ஹார்டு டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்து நகல் எடுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் ரவியின் தம்பி கொடுத்த சிடியிலிருந்து நான் என்றோ ஏற்றிவைத்த கோப்புறை கண்ணில் பட்டது. உள்ளே வேர்டு கோப்புகள். அவை திறக்கும், ஆனால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். வைரஸ் தின்றுவிட்டது என்று அப்போது ஒரு கடையில் சொன்னார்கள், நாமும் நம்பினோம்.

அது வைரஸ் இல்லை, சேகர். பாமினி!

பேட்டியின் ஓரிடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தது. நம் ரவி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனக' அடித்துப் பழகியவன் அல்லவா, அந்த விசை வரிசையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அம்மா! பெரியவர் தன் அம்மாவைப் பற்றிப் பேசும் இடம் அது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என்றோ விண்டோஸை மறுபடி ஏற்றியபோது பாமினி எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு அது. அது இல்லையென்றால் கணினிக்கு எல்லாம் ஆங்கிலமே. அதே கோப்புறையின் அடியில் அந்த எழுத்துருவையும் ரவி பத்திரமாக வைத்திருக்கிறான். எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை அவன்.

உடனே திறந்து படிக்கத்தான் கை துடித்தது. நகல்களை முடித்துவிட்டு, புதிய இயங்குதளத்தைப் போட்ட பிறகே தொட்டேன். நான் போட்டது லினக்ஸ் மின்ட். 2006 முதல் வெளிவருவது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. இப்போதைய 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதிலேயே மூன்று வகை இருக்கிறது. இருப்பதில் இலகுவான எக்ஸ்எப்சிஇ வகையைத் தேர்ந்தெடுத்தேன். இறக்கும் கோப்பு மூன்று ஜிபிக்கு அருகில் வரும். அதைப் பென் டிரைவில் எழுதி, லேப்டாப்பைப் போட்டதும் எப்12 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். உன்னுடையதில் எப்9 ஆகவோ எஸ்கேப் ஆகவோ இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? டிஸ்க்கில் எதையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, அச்சுப்பொறியை அடையாளம் காண்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியான பிறகு நிறுவினால் போதும். வாங்குவதற்கு முன் வீட்டில் குடியிருந்து பார்க்கச் சொல்லும் ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது? என் லேப்டாப்பில் வைஃபை மட்டும் வரவில்லை. அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையமோ வைஃபையில்தான் வர வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து கொடுத்தேன். டிரைவர் மேலாளரைத் திறந்தால் தேவையானது எது என்று அதுவே சொல்லியது. ஏற்றிவிட்டு மறுபடி தொடங்கியதும் வைஃபை வந்துவிட்டது. மற்றபடி நிறுவுவது எளிது. டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

எழுத்துருவைப் போட்டு, லிப்ரே ஆபீசில் பேட்டியைத் திறந்தேன். ரவியின் பக்கம் அப்படியே எழுந்து வந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் மறுபடி குப்பைதான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால்தான் நாளைக்கு யாரும் தேடவும் படிக்கவும் முடியும். யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், விண்டோஸ் 2000-உடன் லதா எழுத்துருவும் வந்தது. ஆனால் நாம் பக்கம் கட்டிய பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால் நம்மைப் போன்ற சிற்றிதழ்க்காரர்கள் எல்லோரும் பாமினி, டாப், டாம் என்று ஆளுக்கொன்றில் தட்டச்சு செய்து குவித்தோம். எத்தனை இதழ்கள், எத்தனை பேட்டிகள் இப்படி யாருடைய டிஸ்க்கிலோ ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்துகொண்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடுங்கள் என்று சொல்லும்போது சேர்ந்து போவது இதுவும்தான்.

மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற திறமூல பைத்தான் நூலகம் உதவியது. பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம், எழுத்தைப் பிறகு தட்டுவோம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அந்த வரிசையையெல்லாம் அதுவே திருத்திவிடுகிறது. கண்ணால் திருத்த வேண்டியவை வேறு. ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்த இடங்கள் தாளில் யாருக்கும் தெரியாது, மாற்றியதும் சொல் உடைந்துவிடுகிறது. இடையில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் பொருளில்லாத தமிழாகிவிட்டன. உன் கதையில் அந்த ரயில் நிலையக் காட்சியை ஒருமுறை பார், தலை சுற்றும்! தமிழ்99 என்னும் விசைப்பலகை முறையையும் சேர்த்திருப்பதால் திருத்துவது சுகமாக இருக்கிறது. இரட்டை மெய்க்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது.

பேட்டியின் கடைசிப் பக்கத்துக்குக் கீழே ரவி தனக்காக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான். "கர்ண மோட்சம் பற்றிச் சொல்லும் இடத்தில் டேப் தெளிவாக இல்லை. பெரியவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். சேகரையும் அழைத்துப் போக வேண்டும்." பெரியவரும் இல்லை, ரவியும் இல்லை. நீ இருக்கிறாய். அன்று அந்தப் பேட்டியின்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்த இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு வரி நினைவில் இருந்தாலும் எழுது. நினைவில்லையென்றால் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு, தெளிவில்லை என்று அச்சிடுவோம். நாமாக எதையும் இட்டு நிரப்பக் கூடாது.

ஆம், அச்சிடுவோம் என்றுதான் சொல்கிறேன். இந்த இதழ் வெளிவர வேண்டும். செலவைப் பிறகு பேசலாம், அட்டைக்கு மட்டும் யாரைக் கேட்பது என்று நீ யோசித்து வை. நம் அச்சகக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே இங்கே வந்து உட்கார்ந்துகொள்வார்.

இன்னொரு விஷயம். பாப்பாவுக்குத் தவணையில் புது லேப்டாப் வாங்கப் போவதாகப் போனமுறை சொன்னாய். பொறு. உன் லேப்டாப் என்னுடையதைவிட இரண்டு வயது இளையது. எஸ்எஸ்டி மட்டும் போட்டால் பாப்பா படிப்பு முடிக்கும்வரை தாராளமாக ஓடும். பெரியவன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பும் பரணில் கிடக்கிறது அல்லவா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, நாம்தான் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. அதையும் இறக்கு. எத்தனை ஜிபி ரேம் என்று பார்த்து எழுது. இரண்டுக்குக் கீழே என்றால் மின்ட் திணறும், வேறு ஏதாவது இலகுவானதைப் பார்க்க வேண்டும். கடைக் கணக்கு டேலியில் இருப்பதால் கடைக் கணினியைத் தொட வேண்டாம். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது, கணக்கோடு விளையாட முடியாது. பாப்பாவின் பாடத்திட்டத்தில் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதாவது கேட்கிறார்களா என்றும் முதலில் விசாரி. கேட்டால் என் பேச்சை விட்டுவிட்டுப் புதிதே வாங்கிக் கொடு.

உன் சிறுகதையின் மாற்றிய பிரதியை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். பிழைகளை மட்டும் திருத்து. கதையைத் திருத்த ஆரம்பித்தால் இதழ் இன்னொரு இருபது வருடம் போகும், உன்னை எனக்குத் தெரியும். கவிதைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். பேட்டியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு வா. லேப்டாப் இரண்டையும் கொண்டு வா, சார்ஜர்களோடு.

அன்புடன்,
முருகேசன்