செங்கல் சிவப்பு

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உளுந்து பறித்துக் களத்தில் கிடக்கிறது, இந்த வருஷம் காய் பரவாயில்லை. அம்மாவுக்கு முட்டிவலி முன்னை மாதிரி இல்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, உன் புத்தக மூட்டையை யாரும் தொடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி மெஸ் மூடுவதற்குள் போய்விடு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

போன் செய்தால் "ம்", "சாப்பிட்டேன்", "லேபில் இருக்கேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தபோதே நீ சரியாக இல்லை. கரும்பைக்கூடக் கடிக்கவில்லை. காணும் பொங்கல் அன்று ராத்திரி மாடியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய், நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறி வந்தவன், வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை. "அந்த ஒரு செல்தான் நல்லா ஓடுது, அதே மாதிரி செஞ்ச மத்ததெல்லாம் நூறு சைக்கிளுக்குள்ள விழுந்துடுது, எதைத்தான் போடறது" என்றாய். அப்புறம் வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமலே நின்றாய். நான் தொட்டியைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

உன் சோடியம் பேட்டரி எனக்கு முழுக்கப் புரியாதுதான், ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்கினால் ஒரு சைக்கிள் என்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் ஒருநாள் வீடியோ காலில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாயே, ஆர்கான் நிரப்பினது, ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுக் காசு அளவுச் செல்லை மூடினாய், துளி ஈரம் பட்டாலும் கெட்டுவிடும் என்றாய். அது எனக்குப் புரிந்தது. காலேஜ் லேபில், கரிமப் பொருளில் நைட்ரஜன், கந்தகம் இருக்கிறதா என்று பார்க்கிற லாசேன் டெஸ்டுக்கு மண்ணெண்ணெயிலிருந்து சோடியத்தை எடுத்து வெட்டிக் கொடுப்பேன், வெட்டின இடம் வெள்ளி மாதிரி மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். முப்பத்திரண்டு வருஷம் அதை வெட்டிக் கொடுத்தவன் பெண் அதை வைத்தே ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். 2021 ஆகஸ்டில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உன்னைக் கொண்டுவந்து விட்டோமே, பெங்களூர் ஆட்டோக்காரர் ஐ.ஐ.எஸ்சி. என்றதும் புரியாமல், டாடா இன்ஸ்டிடியூட் என்று நாம் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டினார், அந்தக் கோபுரக் கட்டடத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. 1909-இல் தொடங்கின இடம், சர் சி.வி. ராமன் 1933-இல் இயக்குநராக வந்து உட்கார்ந்த இடம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் படிக்கிற பெண் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச இவ்வளவு யோசிக்கலாமா? சின்ன அத்தையிடம் பேசுகிறாய், என்னிடம் இல்லை.

சரி, அதை விடு. ஆகஸ்டோடு ஐந்து வருஷம் முடிகிறது, மாதாமாதம் வருகிற அந்த 42,000 ரூபாய் உதவித்தொகை நின்றுவிடும் என்ற கவலை உனக்கு இருக்கும். வேண்டாம். ஒரு வருஷம் கூட ஆனால் ஆகட்டும். போஸ்ட் ஆபீஸில் போட்டு வைத்திருப்பது உனக்குத்தான், அதைக் கல்யாணத்துக்கு என்று அம்மா சொன்னாலும் நான் சொல்லவில்லை. சாப்பிடு, தூங்கு, அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே.

போன வாரம் 28-ஆம் தேதி காலேஜில் அறிவியல் தினம், பழைய ஆள் என்று கூப்பிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் நாற்காலி போட்டுவிட்டு வெளியே நிற்பேன், இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டேன். பேசினவர், ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928-க்கு முன்னால் நடந்ததைச் சொன்னார். 1923-லேயே கல்கத்தாவில் ராமனிடம் இருந்த கே.ஆர். ராமநாதன், தண்ணீரில் சிதறின ஒளியில் இருக்கக்கூடாத ஒரு மங்கல் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். அழுக்கால் வருகிறது என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. போகவில்லை என்றே எழுதி வைத்தாராம். அந்த வெளிச்சம்தான் ஐந்து வருஷம் கழித்து ராமன் விளைவு என்று ஆனதாம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை பாப்பா. உன் பி.எஸ்சி. பிராக்டிகல் நினைவுக்கு வந்துவிட்டது.

2016. நாம் இதுவரை அதைப் பற்றிப் பேசினதே இல்லை. எந்த உப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டிய பரீட்சை, காலையில் ஆறு மணிக்கே போய் உப்புப் பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டினது நான்தான். உன் நம்பருக்கு எது வரும் என்று தெரியும். அந்த லேபில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், டீக் காசு என்று பத்தும் இருபதும் வாங்கியும் இருக்கிறேன். எல்லோரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன். நீ என்னிடம் கேட்கவே இல்லை. வாட்ச் கிளாசில் உப்பைக் குழைத்துத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாய், நான் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்து "ஸ்ட்ரான்சியம்" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கடைசி நிமிஷத்தில் பாட்டில்களை மாற்றி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

சாயந்திரம் பேப்பர் கட்டுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பேப்பரை நம் சாரிடம் காட்டினார். "பாருங்க, தீயில செங்கல் சிவப்புன்னு சரியாப் பார்த்திருக்கு, ஆக்சலேட்டில் வெள்ளை வீழ்படிவுன்னு எழுதியிருக்கு, கால்சியம்னு எழுதினதை அடிச்சிட்டு ஸ்ட்ரான்சியம்னு போட்டிருக்கு, ஏன்னே புரியலையே" என்றார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அரக்கு என் விரலில் சொட்டினது. வாயைத் திறக்கவில்லை. பத்து வருஷமாக இதை உன்னிடமும் சொல்லவில்லை. மார்க் குறைந்ததற்கு நீயும் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டில் அம்மா கேட்டபோது "சரியாப் படிக்கலைம்மா" என்றாய். அன்றிலிருந்துதான் லேபில் நடப்பதை என்னிடம் சொல்வதை நிறுத்தினாய். எனக்குக் காரணம் தெரிந்தே இருந்தது, தெரியாதவன் மாதிரி உன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ சரியாகப் பார்த்திருந்தாய் பாப்பா. அப்பா சொன்னதால் அடித்து எழுதினாய். என்னை மன்னித்துவிடு.

இப்போதும் ஒரு செல்தான் நன்றாக ஓடுகிறது என்றால் ஒன்று ஓடினது, மற்றவை விழுந்தன என்றே எழுது. எத்தனை செய்தாய், எத்தனை விழுந்தன, எல்லாவற்றையும் எழுது. உன் கைடு நல்ல மனுஷர் என்று நீதான் சொன்னாய், அவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டு. ஏன் விழுகிறது என்று தேட ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், பணத்துக்கு நான் இருக்கிறேன். ஊரில் நான் சொல்லி வைத்ததை நினைத்து நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உளுந்து காய்ந்ததும் உடைத்துப் பார்சலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், அப்போது போன் செய். அந்த உப்பு விஷயம் அவளுக்குத் தெரியாது.

அப்பா