மட்டக்களப்புக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கு, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் கல்லடியில் சின்னக் கடை நடத்துபவள்தான். அந்த உரிமையில், செய்தவருக்கு நியாயமான விலை போய்ச் சேரும் பொருட்களை நம் கடைகளில் விற்பது பற்றி எழுதுகிறேன்.

என் அம்மா பன்பாய் இழைத்தவர். பன் என்ற கோரைப் புல்லை வெட்டி, காயவைத்து, சாயம் காய்ச்சி, ஒரு பாய் முடிய நாட்கள் போகும். நகரத்துக் கடையொன்றில் கொடுத்துவிட்டு வருவோம். "வித்தாப்பிறகு காசு வாங்குங்க" என்பார்கள். அந்தக் காசுக்காக நாலு தரம் பஸ் ஏறியிருக்கிறோம். மூன்றாம் தரம் போனபோது எங்கள் பாய் கடை வாசலில் வெயிலில் வெளிறிக் கிடந்தது. அதைக் காட்டியே விலையையும் குறைத்தார்கள்.

செய்தவருக்கு உரிய விலையை உரிய நேரத்தில் கொடுத்து வாங்குவதை நியாய வணிகம் என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் அறிந்தது வெகு காலத்துக்குப் பிறகு. உலக நியாய வணிக அமைப்புக்கு 10 கோட்பாடுகள் உண்டு. அதில் ஒன்று நியாயமான வணிக நடைமுறை பற்றியது: கைவினைப் பொருளுக்கு ஓடர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால் பாதிப் பணத்தையாவது வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்க வேண்டும். வாசித்தபோது அம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

ஃபெயார்ட்ரேட் முத்திரை வேறு. அது நியாய வணிகச் சான்றிதழ் பெற்ற பொருளின் மேல் வருவது. முத்திரையுள்ள தேயிலைக்கு விலையோடு மேலதிகமாக ஒரு தொகை போகிறது. அதை எதற்குச் செலவழிப்பது என்று தோட்டத் தொழிலாளர் இருக்கும் குழுவே முடிவெடுக்கும். நம் மலையகத்திலும் சான்றிதழ் பெற்ற தோட்டங்கள் உண்டு, ஆனால் அந்தத் தேயிலை பெரும்பாலும் கப்பலேறிவிடுகிறது. உங்கள் விநியோகஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் றாக்கையின் அடித்தட்டில் போடாமல் கண்ணுக்கு நேரே வையுங்கள். "ஏன் இது விலை கூட?" என்று கேட்பவருக்கு நான் மேலே சொன்னதைச் சொல்லக் கடைப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெட்டியாக வந்ததை அப்படியே விற்க நமக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மூட்டையில் வாங்கி, பிரித்துக் கட்டி, நாமாக முத்திரை ஒட்டுவது மட்டும் கூடாது.

சரி, மருதமுனைச் சாரனும் நம் பன்பாயும்? கட்டணம், கணக்கு, சோதனை என்று சான்றிதழுக்குப் பல படிகள் உண்டு. தனி நெசவாளி ஒருவர் அவற்றை ஏறுவது லேசில்லை. அதற்காக இல்லாத சான்றிதழை நாம் எழுதிவிட வேண்டாம். எந்த ஊர், எத்தனை நாள் வேலை, செய்தவருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடலாம். அந்தக் கணக்கை எழுத நமக்குக் கூச்சமாக இருந்தால், கொடுக்கும் விலையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உலக நியாய வணிக நாள். பாசிக்குடாவுக்குப் பயணிகள் வரும் காலமும் அதுதான். அன்றிலிருந்தாவது தொடங்குவோம்.

என் கடையில் பாய் வந்த அன்றே காசு. லாபம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் கடை நடக்கிறது. நம்பாதவர்கள் ஒரு பின்னேரம் வாருங்கள், கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறேன். தேத்தண்ணியும் தருவேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு கடைக்காரி