மாடு மலையேறும் மாதம்: புவியியல் சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அக்கா சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் நீளமாகவே எழுதுகிறேன். தனியாக அனுப்பாமல் இங்கே எழுதுவது, உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் படிக்கட்டும் என்றுதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஆல்ப்ஸ் மலையை போர்டில் வரைந்து இரண்டு அம்புக்குறி போட்டீர்கள். கோடையில் மாடுகள் மேலே போகும், குளிர் வந்ததும் கீழே இறங்கும். அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டீர்கள். நான் இப்போது இருக்கிற பக்கத்தில் அந்த இரண்டு அம்புகளையும் திருப்பிப் போட வேண்டும் சார்.

ஊரின் பெயர் கேரன். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் கவுண்டியில், நான் வேலை பார்க்கும் எனிஸ் நகரத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஊர் என்றால் ஒரு மாதாகோயில், ஒரு பப், சிதறிக் கிடக்கும் சில வீடுகள். முதல் தடவை போனபோது ஊரைத் தாண்டிப் போய்விட்டேன், திரும்பி வந்துதான் கண்டுபிடித்தேன். சுற்றிலும் கல். இந்தப் பகுதிக்கே பரன் என்று பெயர், ஐரிஷ் மொழியில் கல் நிறைந்த இடம் என்று பொருள். குன்றுகள் சாம்பல் நிறத்தில், தளம் போட்ட மொட்டைமாடி மாதிரி படிப்படியாக ஏறுகின்றன. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் பூமத்திய ரேகைப் பக்கம், வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் பவளமும்தான் இந்தச் சுண்ணாம்புக்கல். குனிந்து பார்த்தால் பவளத்தின் அச்சு காலடியிலேயே தெரியும். பிற்பாடு பனிப்பாறைகள் மேலே ஊர்ந்து வழித்துத் துடைத்தன. மிஞ்சியிருந்த மண்ணிலும் நிறைய, ஆதி விவசாயிகள் காட்டை வெட்டிய பிறகு மழையோடு போய்விட்டது.

பாளம் பாளமான கல்லுக்குக் கிளிண்ட் என்றும், இடையில் இருக்கும் வெடிப்புக்குக் கிரைக் என்றும் பெயர். ஒரு கிரைக்கில் என் கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. வலியில் உட்கார்ந்தவன் அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே உப்புக்காற்று அறைகிறது, உள்ளே ஈரமும் நிழலும், நாக்கு நீட்டியதுபோல் பளபளவென்று பச்சைப் பெரணி. மே மாதம் போனால் மேற்பரப்பிலேயே கருநீலத்தில் ஜென்ஷியன் பூ. ஆல்ப்ஸ் பூவும், ஆர்க்டிக் பூவும், மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடியும் ஒரே பாறையில் அக்கம்பக்கமாக வளர்கின்றன. காலநிலை மண்டலங்களை வேறு வேறு கலரில் தீட்டச் சொன்னீர்களே, இங்கே எந்தக் கலர் அடிப்பது?

இனி மாடுகளுக்கு வருகிறேன். 1651-ல், அயர்லாந்தைப் படையெடுத்துப் பிடித்த ஆங்கிலேயர் குரோம்வெல்லின் தளபதி லட்லோ இந்தப் பக்கம் வந்தார். ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று எழுதிவைத்தார். இந்த வரியைச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்லாத ஆள் இங்கே கிடையாது. ஆனால் அதையடுத்து அவர் எழுதியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: இங்குள்ள மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, கல்லிடுக்குப் புல் அத்தனை இனிப்பும் சத்தும் உள்ளது என்கிறார். கொல்ல வந்த மனிதன், ஆனாலும் மாட்டைச் சரியாகப் பார்த்திருக்கிறான்.

அக்டோபர் கடைசியில் இங்கே மாடுகளைக் குன்றின்மேல் ஏற்றுகிறார்கள். ஏப்ரல் முடியும்வரை அங்கேதான், தொழுவம் இல்லாமல், வெட்டவெளியில். இந்தக் குளிர்கால மேய்ச்சலுக்கு விண்டரேஜ் என்று பெயர். காரணத்தைக் கேட்டால் நீங்களே ரசிப்பீர்கள். கோடை வெயிலை உள்வாங்கிய கல் மெல்லத்தான் ஆறும். பக்கத்திலேயே அட்லாண்டிக் இருப்பதால் உறைபனியும் குறைவு. பெய்கிற மழை வெடிப்பில் இறங்கிவிடுவதால் படுக்கிற இடம் சேறாகாது. கீழே தாழ்வில்தான் மாடு முழங்கால் சேற்றில் நிற்கும். கோடையிலோ மேலே குடிக்கத் தண்ணீர் இருக்காது, அதனால் இறக்கிவிடுகிறார்கள். ஆக, மலையில் சிக்கல் குளிர் இல்லை, தாகம்.

பூவுக்கும் இதுதான் உயிர். குளிர்காலம் முழுக்க மாடு காய்ந்த புல்லை மேய்ந்துவிடும். வசந்தத்தில் பூ தலைகாட்டும்போது மிதிக்கவும் கடிக்கவும் மேலே மாடு இருக்காது. நடுவில் பலர் மாட்டைக் கொட்டகையில் அடைத்து சைலேஜ், அதாவது புளிக்கவைத்த புல் தீவனம், போட ஆரம்பித்தார்கள். மேலே மேய்ச்சல் குறைந்தது, ஹேசல் புதர் ஏறி மூடியது. இயற்கையைக் காக்க மாட்டை வெளியேற்று என்றுதான் நானும் நினைத்திருப்பேன். இங்கே மாட்டைத் திரும்ப ஏற்றினார்கள். 2005-ல் தொடங்கிய ஒரு திட்டம் விவசாயிகளோடு உட்கார்ந்து இதைச் சோதித்தது. பிறகு ஒவ்வொரு வயலுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அதற்கேற்பப் பணம் கொடுக்கிற முறை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிய ஒரு பெரியவர், "என் மேட்டு வயலுக்கு எட்டு" என்றார், பேரன் மார்க்கைச் சொல்வதுபோல.

ஊரின் கிழக்கே ஒரு பெரிய பள்ளம். பிப்ரவரியில் பார்த்தபோது ஏரி. காற்றில் அலை, நடுவில் அன்னங்கள். ஜூனில் அதே இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது! இதற்கு டர்லோ என்று பெயர், ஐரிஷ் சொல்லையே உலகப் புவியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறு வந்து சேர்ந்துதான் நிரம்ப வேண்டும் என்பதில்லை. நிலத்தடி நீர் ஏறும்போது அடியிலிருந்து பொங்கி, இறங்கும்போது அதே துளைகள் வழியே வடிந்துவிடும். தண்ணீர் இல்லாத நாளிலும் எதுவரை நிற்கும் என்று கண்டுபிடிக்கலாம்: கற்சுவரில் ஒரு மட்டம்வரை கரும்பாசி படிந்திருக்கும், அதற்குமேல் வெளிர்ச் சாம்பல். வீட்டுச் சுவரில் வெள்ளம் வந்துபோன கோடு மாதிரி.

ஊருக்கு மேற்கே பூல்னப்ரோன் கல்திட்டை, கற்கால மக்கள் இறந்தவர்களை வைத்த இடம். சோகக் குழி என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள், திருகைக்கல் குழி என்பதே சரியாம். கல்லில் விரிசல் கண்டு 1986-ல் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. ஒருவரின் இடுப்பெலும்பில் அம்புமுனை குத்தியபடியே இருந்தது. அங்கே கிடந்த ஏறக்குறைய ஆறு மாத ஆண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்ததை 2020-ல் மரபணுச் சோதனை காட்டியது. 5,500 ஆண்டு பழைய குழந்தை. அத்தனை பெரிய கல்லின் கீழ் மற்றவர்களோடு சேர்த்துத்தான் அவனையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு அருகிலேயே பயணிகள் தரைக்கல்லைப் பெயர்த்துக் குட்டிக் குட்டியாகத் திட்டை கட்டி போட்டோ எடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தென்கிழக்கே செங்குத்துப் பாறை விளிம்பில் கஹர்கொமான் கோட்டை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கற்சுவர். 1934-ல் ஹார்வர்டு குழு தோண்டியதில் குவிந்தது பெரும்பாலும் மாட்டெலும்பு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தலைவனின் சொத்தும் மாடுதான். ஐரிஷ் விளையாட்டுகளுக்கான சங்கத்தை 1884-ல் தொடங்கிய மைக்கேல் குசாக் பிறந்ததும் இந்தக் கேரன் வட்டாரத்தில், 1847-ல், அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின் மிக மோசமான ஆண்டில். வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். டப்ளின் மைதானத்தில் அவர் பெயரில் ஒரு பெரிய ஸ்டாண்டே இருக்கிறது. நான் அந்த வீட்டு வாசலோடு திரும்பிவிட்டேன், மழை.

அந்தப் பெரியவர் இந்த வாரக் கடைசியில் மாடுகளை மேலேற்றுகிறார். பின்னால் நடக்க ஆள் வேண்டும், கம்பு அவரே தருவாராம். எனக்கு ஞாயிறு ட்யூட்டி இல்லை. மூன்று நாளாக விடாத மழை, பள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும். பாசிக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சு மாணவன்