நேர்த்திக்கடனும் கூலிக்கடனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, அதாவது வயலில் முதற்கதிர் அறுத்து வந்து, புது அரிசியில் பொங்கிப் படைத்தோம். வைகாசி வந்தால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்தே போகும் அயலவரும் உண்டு. இதற்கெல்லாம் எங்களிடம் உள்ள சொல் ‘நேர்த்திக்கடன்’. நன்றி என்ற சொல் அதில் இல்லை, கடன்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது, கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

சரி, கோயிலுக்கு வெளியே? 1920இல் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்துத் தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைகிறது. அந்தக் குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்களில் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அது பழைய கதை என்று விடலாம். ஆனால் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் கண்முன்னேதானே இருக்கின்றன? களை பிடுங்க அவர்களைத் தேடிப் போகிறோம். கோயில் சபைக்கு ஆள் தெரிவுசெய்யும்போது மட்டும் அவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஊரைச் சொல்வானேன். போன காலபோகத்தில், அதாவது மாரிக்கால நெற்செய்கையில், களை பிடுங்கியவர்களுக்குப் பொங்கலுக்கு முதல் கூலி தருவதாகச் சொன்ன நான், பொங்கல் முடிந்து இரண்டு கிழமை கழித்துத்தான் கொடுத்தேன். அம்மனுக்கு ஒருநாளும் இப்படித் தவணை சொன்னதில்லை.

அடுத்த முறை புதிர்ச் சோற்றை முதலில் அவர்களுக்குப் பரிமாறலாமா என்று எங்கள் கோயில் சபையில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி.