மணியோசைக்கு இடம் விடுங்கள்

மாவீரர் நாள் நினைவேந்தல் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற கார்த்திகை (நவம்பர்) 27ஆம் நாள் மாலை, மாண்ட போராளிகளை அடக்கம் செய்த துயிலும் இல்லத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை; மேடையில் நின்றவர்களும் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர்களும் நீங்களே. ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் தெரியாத ஓரிடத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரெதிரே, சேற்றில் புதைந்த பிளாஸ்ரிக் கதிரையொன்றில் என் தாயார் இருந்தார். அவருக்கு வயது 84. அவர் பொருட்டே இந்த மடல்.

என் தம்பி 1993இல் இறந்தான். கோப்பாய்த் துயிலும் இல்லத்தில் விதைத்ததாக, அதாவது அடக்கம் செய்ததாக, அப்போது சொன்னார்கள். அம்மா இன்றுவரை 'தாட்டது' என்றுதான் சொல்கிறார். அந்தத் துயிலும் இல்லம் 1995இல் படையினர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் உடைக்கப்பட்டு, 2002இன் போர்நிறுத்தக் காலத்தில் மீண்டும் எழுந்து, போர் முடிந்த பின் மறுபடியும் தரைமட்டமாகி, 2011இல் அதே நிலத்தில் படைத் தலைமையகம் ஒன்று திறக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே கோப்பாயில் கிடக்கும் பிள்ளைக்கு அம்மா வேறோர் ஊரில், யாருடையதென்று தெரியாத ஒரு மண்மேட்டில் சுடர் ஏற்றுகிறார். கல்லும் இல்லை, கல்லில் பெயரும் இல்லை. அவருக்கென்று எஞ்சியிருப்பது 6.05 மணிக்கு ஒலிக்கும் மணியோசை ஒன்றுதான்.

1982ஆம் ஆண்டு அந்த நாளில் நிகழ்ந்த, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் முதலாவது போராளியின் சாவை நினைவிற்கொண்டு 1989 முதல் இந்த நாள் நினைவுகூரப்படுகிறது. 6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர், பிறகு எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பாடல் என்ற ஒழுங்கு சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். பாடசாலையில் பல ஆண்டுகள் சங்கீதம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நேர்த்தியான இசை ஒழுங்கை நான் வேறெந்த நிகழ்விலும் கண்டதில்லை. மணியின் அதிர்வு அடங்கும் வரை காது அதன் பின்னாலேயே போகிறது. அது அடங்கிய இடத்தில் மௌனம் தொடங்குகிறது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாத நிலையில்தான் பாடல் எழுகிறது. இதில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை வெறும் சத்தம்.

போர் முடிந்த 2009இன் பின் வந்த ஆண்டுகளில் நினைவேந்தல் தடுக்கப்பட்டதால் அந்த மணி எங்களுக்கு இருக்கவில்லை. 2012இல் கார்த்திகை விளக்கீடும் அதே நாட்களில் வந்துவிட, படலையில் சிட்டி விளக்கு வைப்பதற்கே எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அஞ்சினார்கள். அன்று மாலை அம்மா சுவாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு, பூசை மணியின் நாக்கில் பழைய சீலைத் துண்டொன்றைச் சுற்றி, சரியாக 6.05க்கு அதை அசைத்தார். மணியின் ஓசை எழவில்லை. மரத்தில் தட்டுவது போன்ற ஒரு மங்கிய சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டதாம். வாசலில் காவலுக்கு நின்ற எனக்கே அது கேட்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

சென்ற ஆண்டு மணியின் நாக்கில் சீலை எதுவும் சுற்றப்படவில்லை. ஆனால் அது அடிக்கப்பட்ட நிமிடத்தில் உங்கள் ஒலிபெருக்கி 'ஹலோ, மைக் ரெஸ்ரிங்' என்றது. அதைத் தொடர்ந்து, பாதையை மறித்து நிற்கும் வாகனத்தை எடுக்கும்படி அதன் உரிமையாளரை அழைத்தது. பின்னர் வந்துகொண்டிருந்த பிரமுகர் ஒருவரை அவருடைய பட்டம் பதவிகளோடு வரவேற்றது. அவர் வந்து சேரும் வரை பொதுச்சுடர் காத்திருந்தது. கையில் ஏற்றாத பந்தத்தோடு இருந்த அம்மா, "மணி அடிச்சாச்சோ பிள்ளை?" என்று மூன்று தடவை கேட்டார். அடித்து முடிந்துவிட்டதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐயாமாரே, அம்மாமாரே, எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அன்று மாலை 6.00 மணியிலிருந்து பாடல் முடியும் வரை மணியையும் பாடலையும் தவிர வேறெந்த ஒலியும் அந்த வளவுக்குள் வேண்டாம்.

இது எங்கள் மரபுக்குப் புறம்பானதன்று. எங்கள் ஊர்ச் சாவீட்டில் பறை ஒலிக்கும், சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும், பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுவார்கள்; ஆயினும் சுண்ணம் இடிக்கையில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடத் தொடங்கினால் முற்றத்தில் நிற்பவர்கள் தாமாகவே கதையை நிறுத்துவார்கள். அவர்களை அடக்க அறிவிப்பாளர் எவரும் தேவைப்படுவதில்லை. உலகப் போர்களில் மாண்டவர்களுக்காகப் பிறநாட்டார் நவம்பர் 11இல் கூடும்போதும், முகாமில் பொழுது முடிந்ததை அறிவிக்கும் பியூகிள் இசையை ஒரேயொருவர் ஊதுவார். அதன் பின் இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எந்தப் பிரதம அதிதியும் வந்திறங்குவதில்லை.

நடுகல் நட்டு வணங்கிய பரம்பரை நாம் என்று ஆண்டுதோறும் மேடையில் முழங்குகிறீர்கள். நல்லது. அந்தப் பரம்பரை கல்லுக்குப் பக்கத்தில் தன் படத்தைப் பதாகையாகக் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. பொதுச்சுடரை எந்தக் கட்சிக்காரர் ஏற்றுவது என்ற தர்க்கமும், தலைக்கு மேலே பறந்து சுடர்களை அணைத்த டிரோன் கமெராவும், பெற்றோர் மதிப்பளிப்பில் ஒவ்வோர் ஆண்டும் தரும் தென்னங்கன்றும் (எங்கள் இரண்டு பரப்புக் காணியில் இனி நடுவதற்கு இடமில்லை, ஆனாலும் அம்மா ஒன்றையும் மறுக்கமாட்டார்), மறுநாள் முதல் அடுத்த கார்த்திகை வரை அந்த வளவில் வளரும் புல்லும் பற்றி எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது. பொறுத்தருள வேண்டும். மழையில் நனைந்து பந்தல் போடுபவர்களும், பற்றையை வெட்டிப் பாதை எடுப்பவர்களும், எண்ணெய் வாளி சுமப்பவர்களும் உங்கள் இளைஞர்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. அந்த உழைப்பில்லாவிட்டால் அம்மாவுக்கு இருப்பதற்கு அந்தக் கதிரையும் இல்லை.

எனவே தாழ்மையுடன் மீண்டும் கேட்கிறேன். 6.00 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். வாகன அறிவிப்புகளை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். பிந்தி வருபவர் யாராயினும் படலையில் நிற்கட்டும். மணியை மேடைக்கருகில் அன்றி, பெற்றோர் இருக்கும் வரிசைகளுக்கு நடுவில் கட்டுங்கள். பாடலை ஒலிப்பதிவிலிருந்து முழக்காமல் கூடியிருப்பவர்களைப் பாட விடுங்கள். சுருதி சேராது, எனக்குத் தெரியும், அது பரவாயில்லை. உரைகளைச் சுடர் ஏற்றிய பின் எவ்வளவு நேரமும் நிகழ்த்தலாம். நாங்கள் இருந்து கேட்போம்.

இந்த முறை பூசை மணியைக் கையோடு கொண்டுவரப் போவதாக அம்மா சொல்கிறார். சீலைத் துண்டை அவிழ்த்துத்தான் வைத்திருக்கிறார். உங்கள் பதிலைக் கார்த்திகை பிறக்குமுன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாவீரரின் சகோதரி,
யாழ்ப்பாணம்.